இறந்தவர் பெயரில் ஒரு கலைக்கூடம்

இறந்துபோன ஒருவரின் நினைவாக ஊருக்குப் பொதுவாக ஒரு கலைக்கூடம் எழுப்புவது, மேலோட்டமாகப் பார்த்தால் விவாதத்துக்கே இடமில்லாத நற்காரியம். மகனைப் பறிகொடுத்த தாயோ கணவரை இழந்த மனைவியோ கையிலிருக்கும் பணத்தைப் போட்டு, ஆடவும் பாடவும் ஓர் இடம் கட்டி, வாசலில் பெயரைப் பொறிக்கிறார்கள். ஊர் வாழ்த்துகிறது. அந்தக் கொடை யாரைப் போய்ச் சேருகிறது என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. இறந்தவருக்கு அதனால் ஏதேனும் கிடைக்கிறதா? கட்டியவரின் துயரத்துக்கு அது மருந்தா, அல்லது துயரத்தை ஆறவிடாமல் வைத்திருக்கும் ஏற்பாடா? உள்ளே வந்து ஆடப்போகிறவர்கள் அந்த இறந்தவருக்கு என்ன கடன்பட்டவர்கள்? சமயங்கள் இந்த மூன்று கேள்விகளுக்கும் ஒரே விடை சொல்லவில்லை. கொல்லிமலை இதை எண்ணிப் பார்க்கத் தகுந்த இடம். புலவர்களால் மட்டுமே நினைவில் நிறுத்தப்பட்ட ஒரு வள்ளலும், மனைவியின் உழைப்பால் நினைவுகூரப்பட்ட ஓர் அயல்நாட்டுப் பாதிரியாரும் அதே மலையில் வாழ்ந்து முடிந்தவர்கள்.

தமிழ் மரபில் இறந்தவருக்கான மிகப் பழைய நினைவுச் சின்னம் கல். போரிலோ ஆநிரை மீட்பிலோ விழுந்த வீரனுக்கு நடுகல் நாட்டினார்கள். கொல்லிமலைக்கு வடக்கே தருமபுரி, செங்கம் வட்டாரங்களில் அத்தகைய கற்கள் இன்றும் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நிற்கின்றன. தொல்காப்பியம் இந்தச் சடங்கை ஆறு படிகளாகச் சொல்கிறது. கல்லைத் தேர்வதில் தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, கடைசிப் படியாக வாழ்த்து வருகிறது. அதாவது கல்லை நட்டதோடு வேலை முடியவில்லை; யாராவது வாய்திறந்து பாட வேண்டும். நினைவுச் சின்னத்தையும் நிகழ்த்துகலையையும் இரண்டு துறைகளாகப் பிரித்துப் பார்ப்பது பிற்காலப் பழக்கம்.

கல் பிறகு கோயிலாயிற்று. ஆற்றூரில் இறந்த பாட்டனார் அரிஞ்சயனுக்காக முதலாம் ராஜராஜன் மேல்பாடியில் எழுப்பியது பள்ளிப்படைக் கோயில். செம்பியன் மாதேவி, கணவர் கண்டராதித்தர் பெயரால் கோனேரிராஜபுரத்தில் கற்றளி எடுப்பித்தார். கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிற்பமும் அதற்கான கல்வெட்டும் அங்கேயே உள்ளன. ராஜராஜனின் தமக்கை குந்தவை, தஞ்சைப் பெரிய கோயிலில் தந்தைக்கும் தாய்க்கும் செப்புத் திருமேனிகள் செய்து வைத்தார். இந்த மூன்றிலும் ஒரு பொதுத்தன்மை தெரிகிறது. இறந்தவர் தனியாக நிறுத்தப்படவில்லை. அவரைக் காட்டிலும் பெரிய ஒன்றின் முன் கைகூப்பி நிற்கிறார். கோனேரிராஜபுரத்துக்குப் போகிற அடியவர் கண்டராதித்தரைப் பார்க்கப் போவதில்லை. சிவனைப் பார்க்கப் போகிறவர் கண்ணில் அவரும் படுகிறார், அவ்வளவுதான். நினைவுக் கட்டடம் எழுப்ப நினைக்கிறவர்கள் இந்த இருத்தலின் கோணத்தைக் கவனிப்பது நல்லது. சுவரை அடைக்கும் அளவுக்குப் படத்தை மாட்டி மாலை போட்டு வைத்திருக்கும் அரங்குகளில், மேடையில் ஆடுகிறவர் இரண்டாம் ஆளாகிவிடுகிறார்.

கல்வெட்டுகளில் இன்னொரு நுட்பமும் உண்டு. கோயிலில் நந்தா விளக்கு எரிக்க நேர்ந்துகொண்டவர் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுத்தார். சில இடங்களில் 90. இடையர் ஒருவர் அவற்றை ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும், கிழடு தட்டும். ஆனால் குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையைக் குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. ஆகவே கணக்கில் அந்த மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. கல்வெட்டு அதைச் சாவா மூவாப் பேராடு என்றே எழுதுகிறது. இறந்தவர்களுக்காகவும் இப்படி விளக்குகள் வைக்கப்பட்டன. வேட்டையில் தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டவர், மாண்டவரின் நலனுக்காக விளக்கு எரிக்கும்படி ஊரார் தீர்த்த வழக்குகள்கூடக் கல்வெட்டில் உண்டு. முதலைத் தொடாமல் அன்றாடப் பலனை மட்டும் எடுத்துக்கொள்ளும் இந்த ஏற்பாட்டில், துயரம் ஒருநாள் செலவாக முடிவதில்லை. நெய் அளக்கிற இடையருக்கு இறந்தவரை முகம் பார்த்துத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

கலைக்கும் இதே முறை இருந்தது. ராஜராஜன் மறைந்து ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பிறகு, அவன் பேரன் இரண்டாம் ராஜேந்திரன் காலத்துக் கல்வெட்டு ஒன்று தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ளது. வைகாசித் திருவிழாவில் ராஜராஜேஸ்வர நாடகம் ஆடுவதற்காக, திருவாலன் திருமுதுகுன்றன் என்ற சாந்திக்கூத்தனுக்கு ஆண்டுக்கு 120 கலம் நெல் தரப்பட்டது. அந்த உரிமை அவனோடு முடியாமல் அவன் வழியினருக்கும் காணியாக எழுதப்பட்டது. நாடகத்தின் ஏடு இன்று இல்லை. இருந்தாலும் கொடையின் வடிவம் தெளிவாகத் தெரிகிறது: மன்னனின் பெயரைத் தாங்கிய ஒரு கலை, அதை ஆடுகிறவனுக்குச் சோறு, அவனுக்குப் பின் அவன் பிள்ளைகளுக்கும் சோறு. கட்டடத்துக்கு நிதி திரட்டிவிட்டு, ஆடுகிறவருக்கு ஒரு சால்வையும் பேருந்துக் கட்டணமும் கொடுத்தனுப்பும் இக்கால நினைவு அறக்கட்டளைகள் சில, இந்தக் கல்வெட்டை ஒருமுறை படிக்கலாம்.

திருக்குறளின் அடைவும் இங்கே ஒரு கருத்தைச் சொல்கிறது. இல்லறவியலில் ஈகை 23-ஆம் அதிகாரம். அடுத்ததாக 24-ஆவது புகழ். அதோடு இல்லறவியல் முடிந்து துறவறவியல் தொடங்குகிறது. வீட்டில் வாழ்கிறவன் செய்யும் கடைசி வேலை பெயரை விட்டுப்போவது. அந்தப் பெயரும் கொடுத்ததன் விளைவாக வருவது. வந்த பிறகு அதையும் துறக்க வேண்டிய கட்டம். உரையாசிரியர்கள் இந்த வரிசைக்குப் பலவாறு காரணம் சொல்வார்கள். எப்படியானாலும் புகழ் என்பது கொடுத்தவனுக்கே உரியது என்பது வள்ளுவர் கணக்கு. அப்படியானால், கொடுத்தது மனைவி, பெயர் கணவனுடையது என்னும்போது புகழ் யாருக்கு? வள்ளுவர் இதை நேராக எடுத்துக்கொள்ளவில்லை. சமயங்கள் எடுத்துக்கொண்டன.

வைதிக மரபில் சிராத்தம் இறந்தவரைச் சேர்கிறது. பிண்டமும் எள்ளும் நீரும் பிதுர்களுக்கு உணவாகின்றன என்பது நம்பிக்கை. ஆகவே அவர் பெயரால் செய்யும் தானமும் அவருக்குப் போய்ச் சேரும். தேரவாத பௌத்தம் இன்னும் நுணுக்கமாகப் பேசுகிறது: புண்ணியத்தை யாரும் யாருக்கும் மாற்றித் தர முடியாது, ஆனால் தன் பெயரால் நடந்த நற்செயலைக் கண்டு இறந்தவர் மகிழ்ந்தால், அந்த மகிழ்ச்சியே அவருடைய சொந்தப் புண்ணியமாகும். சமணம் அந்தக் கதவையும் சாத்திவிடுகிறது. அவரவர் வினை அவரவரோடு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில், 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு உள்ளது. அந்தக் கல் அவருக்கு எதையும் தருவதில்லை. பார்க்கிறவருக்கு ஒரு வாழ்வைக் காட்டுகிறது, அவ்வளவே. இஸ்லாத்தில் மனிதன் இறந்த பின்னும் பலன் தருபவை மூன்று என்று நபிமொழி சொல்கிறது: நிலையான தர்மம், பயன்படும் கல்வி, அவனுக்காகப் பிரார்த்திக்கும் நல்ல பிள்ளை. வக்ஃபு என்னும் அமைப்பின் உயிர்மூச்சு இதுதான். கத்தோலிக்கர் நவம்பர் 2-ஆம் தேதி கல்லறைத் திருநாளில் இறந்தோருக்காக மன்றாடுகிறார்கள். சீர்திருத்தச் சபைகளோ இறந்தவருக்காகச் செபிப்பதையே ஏற்பதில்லை. அவர் கணக்கு கடவுளிடம் முடிந்துவிட்டது.

இத்தனை விடைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் ஒன்று புலப்படுகிறது. இறந்தவரைச் சேரும் என்பவர்களும் சேராது என்பவர்களும் கடைசியில் செய்கிற காரியம் ஒன்றுபோலவே இருக்கிறது. அன்னம் போடுகிறார்கள், கிணறு வெட்டுகிறார்கள், பள்ளிக்கூடம் கட்டுகிறார்கள். பலன் மேலே போகிறதா என்பதில்தான் பிணக்கு. பக்கத்தில் இருப்பவருக்குப் போக வேண்டும் என்பதில் பிணக்கில்லை.

கொல்லிமலையின் முதல் எடுத்துக்காட்டு வல்வில் ஓரி. சிறுபாணாற்றுப்படை எண்ணிச் சொல்லும் ஏழு வள்ளல்களில் ஒருவன். வன்பரணர் அவனைப் பாடிய இரண்டு புறநானூற்றுப் பாடல்கள் இங்கு மிகவும் பொருந்துபவை. 152-ஆம் பாடலில் பாணர் கூட்டம் ஒன்று காட்டில் ஒரு வேட்டுவனைக் காண்கிறது. அவன் விட்ட ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி என ஊடுருவி, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கிறது. இவன் சாதாரண ஆளில்லை என்று எண்ணி, முழவும் யாழும் பிறவும் எடுத்து அவர்கள் பாடத் தொடங்குகிறார்கள். தலைவனை விளிக்கும் சொல் வந்ததும், அது தன்னையே குறிப்பதால் அவன் நாணுகிறான். பிறகு வேட்டையாடிய இறைச்சியும் மதுவும் தந்து, தன் மலையில் கிடைத்த பொன்னையும் மணியையும் கொடுத்தனுப்புகிறான். அடுத்த பாடலில் அவனிடம் பரிசு பெற்ற கூத்தர்கள் பசி தீர்ந்து நிறைந்துபோய், ஆடலையும் பாடலையும் மறந்துவிடுகிறார்கள்.

புரவலன் ஒருவனைப் பற்றி இதைவிடக் கூர்மையாகச் சொல்லிவிட முடியாது. பெயர் கேட்டதும் அவன் நாணியது ஒன்று. கொடையின் மிகுதியால் கலையே ஒரு கணம் நின்றுபோனது இன்னொன்று. இரண்டாவதைப் பாராட்டாகத்தான் புலவர் சொல்கிறார். ஆனாலும் அதில் ஓர் எச்சரிக்கையும் படிக்கக் கிடைக்கிறது. கொடை அளவு மீறினால் கலைஞன் கலைஞனாக இருப்பதை மறக்கலாம். நினைவு அறக்கட்டளைகள் வறுமையால் மட்டும் நலிவதில்லை. பெருந்தொகை வந்து சேர்ந்து, கட்டடமும் குளிர்சாதனமும் அலுவலகமும் பெருகி, ஆட்டம் மட்டும் அருகிப்போன இடங்களும் இருக்கின்றன.

ஓரியைத் திருக்கோவலூர் மலையமான் திருமுடிக்காரி போரில் கொன்றான். கொல்லிமலை சேரர் கைக்குப் போயிற்று. ஓரிக்கு அரண்மனையோ கோயிலோ இன்று அடையாளம் காட்ட முடியாது. அவன் எதையும் கட்டியதாகவும் பாடல் சொல்லவில்லை. பசித்த கலைஞருக்குச் சோறு போட்டான், அவர்கள் பாடினார்கள், அதனால் இன்றும் பெயர் இருக்கிறது. அதே மலைக்குச் சங்கப் பாடல்கள் இன்னொரு புகழையும் சொல்கின்றன. தெய்வம் செய்தது எனப்பட்ட கொல்லிப்பாவை காற்றிலும் மழையிலும் இடியிலும் உருக்குலையாதது. அழியாத அந்தப் பாவையையும், அன்றன்றைக்குப் பாடினால்தான் உண்டு என்ற ஓரியின் பெயரையும் பக்கத்தில் வைத்தால், மனிதருக்குக் கிடைக்கக்கூடிய நிலைபேறு இரண்டாம் வகையைச் சேர்ந்தது என்பது தெளிவாகும்.

இரண்டாவது எடுத்துக்காட்டு 20-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஜெஸ்ஸி பிராண்ட் 1907-இல் இந்தியாவுக்கு வந்த ஆங்கிலேய பாப்டிஸ்ட் மிஷனரி. மனைவி எவலின், இளமையில் லண்டனில் ஓவியம் பயின்றவர். 1913-இல் மணம் முடித்து, கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில் வீடு கட்டிக் குடியேறினார்கள். மலைக்குச் சாலை இல்லாத காலம். பள்ளிக்கூடம், மருந்து, தச்சுவேலை என்று இருவரும் கலந்து செய்தார்கள். மகன் பால் 1914-இல் அங்கே பிறந்தார். பின்னாளில் வேலூரில் தொழுநோயாளிகளின் முடங்கிய கைகளைத் தசைநாண் மாற்று அறுவையால் மீட்ட மருத்துவர் அவர்தான். 1923-இல் பிள்ளைகள் படிப்புக்காக இங்கிலாந்தில் விடப்பட்டார்கள். 1929 ஜூன் 15-இல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் மலையிலேயே இறந்தார். தந்தி முதலில் போய்ச் சேர்ந்தது. கப்பல் தபால் மெதுவாகப் போவதால், தந்தை இறந்த செய்திக்குப் பிறகும் அவர் எழுதிய கடிதங்கள் பிள்ளைகளுக்கு வந்துகொண்டிருந்தன.

எவலினுக்கு அப்போது வயது 50. இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பி வந்தார். கொல்லி, பச்சைமலை, கல்வராயன் உள்ளிட்ட ஐந்து மலைத்தொடர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பது கணவன் மனைவி இருவரும் கொண்டிருந்த கனவு. 1947-இல் மிஷன் ஓய்வு கொடுத்து ஊருக்கு அனுப்பப் பார்த்தபோது, ஏறத்தாழ 70 வயதில், சம்பளமில்லாமல் தன் பொறுப்பில் மலையேறினார். மட்டக் குதிரையிலும், பிறகு இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றியும் ஊர் ஊராகப் போனார். 1974 டிசம்பரில் 95-ஆம் வயதில் இறந்து, வாழவந்தியில் கணவருக்கு அருகே அடக்கமானார்.

மதமாற்ற முயற்சி இந்த வாழ்க்கையின் பிரிக்க முடியாத பகுதி. அதை ஏற்காதவர்கள் இருந்தார்கள், இருக்கிறார்கள். இங்கே கேள்வி வேறு. எவலினின் சபை இறந்தவருக்காக எதையும் செய்ய இடங்கொடாதது. கணவரின் ஆன்மா பலன் பெறும் என்று அவர் ஒரு நாளும் நினைத்திருக்க முடியாது. சிராத்தம் செய்யும் விதவைக்கு இருக்கிற ஆறுதல்கூட அவருக்கு இறையியலில் இல்லை. அப்படியிருந்தும் 45 ஆண்டுகள் அந்த வேலையை விடவில்லை. நினைவு காரியத்துக்கு மறுமை நம்பிக்கை அடிப்படை என்று சொல்கிறவர்களுக்கு இது இடிக்கும். இறந்தவர் விட்டுச்சென்ற ஆசை ஒன்று உயிரோடு இருப்பவரின் கையில் மிச்சமிருப்பதே போதுமானதாக இருந்திருக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவர் ஜெஸ்ஸியின் பெயரை முன்னே நிறுத்தவில்லை. மலை மக்கள் அறிந்தது முதியவரான அவரைத்தான்.

இந்த நிறைவேறாத ஆசை என்ற இழையே இக்காலத்துச் சிறந்த நினைவுக் கலைக்கூடங்களிலும் ஓடுகிறது. பிருத்விராஜ் கபூர் 1944 முதல் 1960 வரை பிருத்வி தியேட்டர்ஸ் குழுவோடு ஊர் ஊராகச் சுற்றியவர். சொந்த அரங்கு வாய்க்கவில்லை. அவர் 1972-இல் மறைந்த பிறகு, மகன் சசி கபூரும் மருமகள் ஜெனிஃபரும் 1978-இல் பம்பாய் ஜூஹூவில் பிருத்வி அரங்கைத் திறந்தார்கள். பெங்களூரில் சங்கர் நாக், மால்குடி டேஸ் தொடரை இயக்கியவராகத் தமிழ்நாட்டிலும் அறியப்பட்டவர், எளியவரும் வரக்கூடிய ஒரு நாடக அரங்கு வேண்டும் என்று எண்ணியிருந்தார். 1990 செப்டம்பர் 30-இல், 35 வயதில், சாலை விபத்தில் இறந்தார். அதே காரில் பயணம் செய்த மனைவி அருந்ததி நாக் பலத்த காயங்களோடு தப்பினார். 1992-இல் சங்கேத் அறக்கட்டளை, பிறகு அரசு நிலம், பிறகு பல ஆண்டு நிதி திரட்டல் என்று போய், 2004-இல் ஜே.பி. நகரில் ரங்க சங்கரா திறக்கப்பட்டது.

ரங்க சங்கராவைக் கூர்ந்து பார்ப்பவர் முதலில் கவனிப்பது அதன் விதிகளை. முந்நூற்றுச் சொச்சம் இருக்கைகள். வாரத்தில் திங்கள் தவிர நாள்தோறும் நாடகம் என்பது குறிக்கோள். குழுக்களுக்கு வாடகை குறைவு, பார்வையாளருக்கு டிக்கெட் விலை குறைவு. மணி அடித்துக் கதவு சாத்தியபின் யார் வந்தாலும் உள்ளே விடுவதில்லை. அமைச்சராக இருந்தாலும் அதே நியாயம். எந்த மொழிக்கும் இடமுண்டு. இவற்றில் ஒன்றுகூடச் சங்கர் நாகைப் பற்றியது இல்லை. எல்லாமே நாடகத்தைப் பற்றியவை. ஆனால் மலிவு, ஒழுங்கு, அன்றாடம் என்ற மூன்றும் அவர் ஆசையிலிருந்து வந்தவை. இறந்தவரை விதிகளாக மாற்றிவிட்ட இந்த முறை, உருவச்சிலை வைப்பதைக் காட்டிலும் அவருக்கு நெருக்கமானது. நந்தா விளக்கின் உழக்கு நெய்க்கும் இதற்கும் உறவு தெரிகிறது.

துயரம் சொத்தைப் போல வாரிசுக்கு இறங்குவதில்லை. மனைவிக்கு இருக்கும் வலி மகளுக்கு அதே அளவில் இருக்காது. பேரனுக்கு அது கதை. எனவே துயரத்தை மட்டும் நம்பி எழுந்த கூடம் ஒரு தலைமுறையில் தளர்ந்துவிடும். ஜெனிஃபர் 1984-இல் இறந்தார். பிருத்வி அரங்கைப் பிள்ளைகள் குணாலும் சஞ்சனாவும் எடுத்து நடத்தினார்கள். தாத்தாவுக்கான அரங்கு தாய்க்கும் நினைவிடமாயிற்று. அதற்காகப் பலகையை மாற்றி எழுதவில்லை. அதைத் தூக்கி நிறுத்தியது நாடகக்காரர்கள் அந்த மேடையைத் தங்களுடையதாக எண்ணிக்கொண்டதுதான். சாந்திக்கூத்தனின் வழியினருக்குக் காணி எழுதிவைத்தவர்கள் இதை முன்பே அறிந்திருக்கிறார்கள். நினைவின் வாரிசு இறந்தவரின் குடும்பம் அல்ல, கலையின் குடும்பம்.

அப்படி எண்ணிக்கொள்ள எல்லோரையும் விடுகிறார்களா என்பது அடுத்த கேள்வி. திருவையாற்றில் 1847-இல் மறைந்த தியாகராஜரின் சமாதி பாழடைந்து கிடந்தபோது, பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவிட்டு 1920-களில் கோயில் எழுப்பினார். தியாகராஜர் அவருக்கு உறவினர் இல்லை, பார்த்ததுகூட இல்லை, ஆனால் நெருங்கிய ஒருவரை இழந்தவரின் தவிப்போடுதான் அதைச் செய்தார். தியாகராஜர் நினைவாக நடந்த ஆராதனையில் பெண்கள் பாட அப்போது இடமில்லை. கோயில் கட்டிய கைக்கே மேடை மறுக்கப்பட்டது. 1927-இல் அவர் பெண்களைத் திரட்டித் தனியாக ஆராதனை நடத்தினார். 1940-ஐ ஒட்டித்தான் தனித்தனியாக ஆராதனை நடத்திவந்த கட்சிகள் ஒன்றாகிப் பெண்களும் சேர்ந்து பாடும் நிலை வந்தது. இன்று தியாகராஜர் சமாதிக்கு எதிரே நாகரத்தினம்மாளின் சமாதியும் இருக்கிறது. பொது என்று பெயர் வைப்பதால் ஓரிடம் பொதுவாகிவிடாது என்பதற்கு அந்த ஆண்டுகள் சாட்சி.

கொல்லிமலையில் இந்தக் கேள்வி வேறு முகத்தோடு வருகிறது. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வரும் அந்த மேட்டுநிலத்தில் வாழ்கிறவர்கள் பெரும்பாலும் மலையாளிப் பழங்குடியினர். மலையில் ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர், கேரளத்தோடு தொடர்பில்லை. காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று அண்ணன் தம்பிகளின் வழி என்பது அவர்கள் சொல்லும் பூர்வகதை. வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தின்னனூர் நாடு என்று நாடு நாடாகப் பிரிந்து, சாமையும் கேழ்வரகும் மிளகும் காப்பியும் பலாவும் விளைவிக்கிறார்கள். கோயில் திருவிழாவில் சேர்வையாட்டம் ஆடுகிறார்கள். அந்த ஆட்டத்துக்கு அரங்கு கிடையாது, டிக்கெட் கிடையாது; பார்க்கிறவர் நடுவில் புகுந்து ஆடலாம், ஆடுகிறவர் ஒதுங்கி நின்று பார்க்கலாம். கலைக்கூடம் என்ற எண்ணமே, பார்வையாளர் ஒருபுறம் கலைஞர் ஒருபுறம் என்று பிரிந்துபோன சமூகத்தில் தோன்றியது. பிரியாத இடத்தில் அதைக் கொண்டுபோய் வைப்பவர், நல்லெண்ணத்தோடே ஒரு பிரிவினையையும் சேர்த்துக் கொண்டுபோகிறார்.

ஆண்டுதோறும் ஆடிப்பெருக்கை ஒட்டி அரசு நடத்தும் வல்வில் ஓரி விழாவில் இது கண்ணுக்கு நேராகத் தெரியும். செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு மாலை, வில்வித்தைப் போட்டி, மலர்க் கண்காட்சி, துறைவாரியாக அரங்குகள், மேடையில் கலை நிகழ்ச்சிகள். அதே நாட்களில் அறப்பளீஸ்வரர் கோயிலிலும் ஆகாயகங்கை அருவியிலும் கூட்டம் அலைமோதும். விழா வேண்டாத ஒன்றல்ல. இருந்தாலும் கலைஞர்களுக்கு அன்றாடம் சோறு போட்டவனின் பெயரால் இரண்டு நாள் மேடை மட்டும் போடுவது, கொடையின் வடிவத்தை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் எடுத்துக்கொள்வதாகும். மீதி நாட்களில் சேர்வையாட்டம் சொல்லித்தரும் முதியவருக்கு யார் என்ன தருகிறார்கள் என்பதில்தான் ஓரியின் நினைவு இருக்கிறதா இல்லையா என்பது தெரியும்.

நெருங்கிய ஒருவரின் நினைவாக இத்தகைய மலையூர்களில் கலைக்கூடம் தொடங்க விரும்புகிறவர், கட்டட வரைபடத்துக்கு முன் கொடைப் பத்திரத்தை எழுத வேண்டியிருக்கும். நிலம் ஊர்ப் பொதுவில் நிற்குமா, அறக்கட்டளையின் பெயரில் போய்விடுமா என்பது அதில் முதல் வரி. மலையில் நிலம் கைமாறிப் போவது வெறும் கவலையாக இல்லாமல் நடப்பாகவே இருப்பதால், இந்த வரியில் தெளிவில்லாத கொடையை ஊர்த் தலைவர்களான கவுண்டர்கள் சந்தேகத்தோடு பார்ப்பதில் நியாயம் உண்டு. அடுத்து முதலும் பலனும்: கட்டடத்துக்கு எவ்வளவு, ஆடுகிறவருக்கு ஆண்டுதோறும் எவ்வளவு என்பது. பிறகு நிர்வாகக் குழுவில் இறந்தவரின் குடும்பத்தார் எத்தனை பேர், எத்தனை ஆண்டுக்கு என்பது. காலப்போக்கில் அந்த எண் குறைந்து ஆடுகிறவர் எண் கூடும்படி பத்திரத்திலேயே எழுதிவிடலாம். நாட்காட்டியும் ஊருடையதாக இருக்க வேண்டும். சாமை அறுவடையின்போது பட்டறை வைத்துவிட்டு ஆள் வரவில்லை என்று குறைப்பட்டுக்கொள்ளும் அமைப்புகள் உண்டு.

பெயர்ப்பலகை கடைசி வரியில் வரலாம். சேர்வையாட்டக்காரர்கள் எங்கள் கோயில் திடலில்தான் ஆடுவோம், உங்கள் மேடை வேண்டாம் என்று சொல்லிவிட்டால் கொடுத்தவர் வருந்தத் தேவையில்லை. மலையில் மழை நாட்கள் அதிகம். மேளமும் உடுப்பும் நனையாமல் வைக்கவும், பிள்ளைகள் மாலையில் அடவு பழகவும், வெளியூர்க் குழு வந்தால் இரவு தங்கவும் அந்தக் கூடம் பயன்பட்டால், ஆட்டம் திடலிலேயே நடக்கட்டும்.